உருளைக்கிழங்கு கிராட்டின்: பால் ஏன் திரிகிறது?

கேள்வி: ஓவனில் உருளைக்கிழங்கு சீஸ் கிராட்டின் (கிழங்கு வில்லைகளைப் பால், கிரீமில் வேகவைத்து, மேலே சீஸ் தூவிச் சுடும் உணவு) செய்தால் பால் திரிந்துவிடுகிறது, நடுவில் கிழங்கும் வேகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டுக்கும் காரணம், பச்சைக் கிழங்கை அடுக்கிப் பாலை ஊற்றி அதிகச் சூட்டில் வைப்பதுதான். கொழுப்பு குறைந்த பால் நெடுநேரச் சூட்டில் திரியும். கிரீமின் கொழுப்பு அதைத் தடுக்கும்.

1 கிலோ கிழங்கை 3 மி.மீ. வில்லைகளாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவவே கூடாது, அந்த மாவுச்சத்துதான் பால்-கிரீம் குழம்பைக் கெட்டியாக்கும். கொழுப்பு நிறைந்த பால் 300 மி.லி., கிரீம் 300 மி.லி., உப்பு ஒன்றரை டீஸ்பூன், சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் சேர்த்துச் சிறு தீயில் 8 நிமிடம் கிழங்கை வேகவிடுங்கள். பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு சுமார் 25% மட்டுமே. அதனால் பால் திரியாமலிருக்க, சூடாக்கும் முன்பே குளிர்ந்த பாலில் 1 டீஸ்பூன் சோளமாவு கரைத்துக்கொள்வது நல்லது.

பூண்டு தேய்த்து வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, ஃபாயிலால் மூடி 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். கத்தி தடையின்றி இறங்கினால்தான் ஃபாயிலை எடுக்க வேண்டும். பிறகு துருவிய சீஸ் 100 கிராம் தூவி, 200 டிகிரியில் 15 நிமிடம். க்ரூயேர் என்ற சுவிஸ் சீஸ் அருமை, செடார் போதும். மொஸரெல்லா மட்டும் என்றால் ரப்பராக இழுக்கும்.

இறக்கியதும் வெட்டாதீர்கள். 15 நிமிடம் ஆறினால்தான் குழம்பு இறுகும்.