அமெரிக்கக் கால்பந்தில் உங்கள் மனதை விட்டு நீங்காத ஓர் அணியின் சீசன் எது? ஏன்?

பிலடெல்பியா ஈகிள்ஸ், 2017. யோசிக்காமல் சொல்வேன்.

அப்போது நான் பிலடெல்பியாவுக்கு மேற்கே, ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் குடியிருந்தேன். அமெரிக்கா போன புதிதில் இந்த ஆட்டம் எனக்குப் பிடிபடவே இல்லை. சில விநாடி ஓடுகிறார்கள், மோதி விழுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் கூடி நின்று பேசுகிறார்கள். கூட வேலை பார்த்த ஒருவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தார். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு கிடைக்கும். மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் யாரும் துணிய மாட்டார்கள். பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். கம்பம் பக்கத்தில் இருந்தால் நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொள்வார்கள். துணிந்து ஆடித் தோற்றால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும்.

இந்த நான்காவது முயற்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த சீசன் எனக்கு அதன் கதைதான்.

அந்த ஊரின் ஏக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈகிள்ஸ் அதற்கு முன் கடைசியாக சாம்பியன் ஆனது 1960-ல், பெயர்பெற்ற பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸை 17-13 என்று வென்று. சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியே அப்போது கிடையாது. அது வந்த பிறகு இரண்டு முறை இறுதிவரை போய் இரண்டு முறையும் தோல்வி: 1981-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம், 2005-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம். பாட்டன், அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்து காத்திருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

2016-ல் அணி 7 வெற்றி, 9 தோல்வி. பயிற்சியாளர் டக் பீடர்சனுக்கு அது முதல் வருடம். அடுத்த வருடமும் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே கான்சஸ் சிட்டியிடம் 27-20 என்று தோற்றார்கள். மூன்றாவது ஆட்டம் நியூயார்க் ஜயன்ட்ஸோடு. 24-24 என்று சமநிலை, நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக உதைப்பவர் காயத்தில் இருந்ததால் ஜேக் எலியட் என்ற புதுப் பையனைச் சில நாள் முன்புதான் எடுத்திருந்தார்கள். 61 கெஜத்திலிருந்து உதைத்தான். உள்ளே போய்விட்டது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் வரிசையாக வெற்றி, நவம்பர் முடிவில் பத்து வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

இத்தனைக்கும் நடுநாயகம் கார்சன் வென்ட்ஸ். குவார்ட்டர்பேக் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு: கிரிக்கெட்டில் கேப்டனும் தொடக்க ஆட்டக்காரரும் ஒரே ஆளாக இருந்து, ஒவ்வொரு பந்தையும் அவரே சந்திக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அதுதான். வென்ட்ஸுக்கு இரண்டாவது வருடம். அந்த சீசனில் 13 ஆட்டத்தில் 33 டச் டவுன் வீசினார். (டச் டவுன் என்றால் எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோவது அல்லது அங்கே பிடிப்பது, ஆறு புள்ளி.) மூன்று பேர் பிடித்துத் தொங்கும்போதும் எப்படியோ நழுவி வெளியே வந்து பந்தை எறிவார்.

டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலஸில் ராம்ஸோடு ஆட்டம். மூன்றாவது கால் பகுதியில் வென்ட்ஸ் தானே பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தார். இரண்டு பக்கமிருந்தும் மோதினார்கள். இடது முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அந்த டச் டவுனும் ஒரு தவறுக்காகச் செல்லாமல் போனது. ஆனால் அவர் வெளியே போகவில்லை. அந்தக் காலோடு இன்னும் நான்கு முறை ஆடினார். நான்காவது முயற்சி, இரண்டு கெஜம் பாக்கி. ஆல்ஷன் ஜெஃப்ரிக்கு வீசினார், டச் டவுன். அதற்கு அப்புறம்தான் மெதுவாக நடந்து உள்ளே போனார். அந்த முழங்காலோடு அவர் நின்று எறிந்த காட்சியை இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆட்டத்தை 43-35 என்று ஜெயித்தார்கள். ஆனால் மறுநாள் அலுவலகம் எழவு வீடு மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் கோப்பையை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தாமல் அப்படியே நின்றார். அது வெறும் விளையாட்டு ஏமாற்றம் இல்லை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அடுத்து வந்தவர் நிக் ஃபோல்ஸ். இவரை நான் பெரிதும் மதிக்கிறேன். 2013-ல் இதே ஈகிள்ஸுக்காக 27 டச் டவுன் வீசி இரண்டே இரண்டு பந்தைத்தான் எதிரணியிடம் பறிகொடுத்தார். ஓக்லண்டில் ஒரே ஆட்டத்தில் ஏழு டச் டவுன். பிறகு வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே ஆட்டம் சரிந்தது. 2016-ல் விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய், கான்சஸ் சிட்டியில் மாற்று ஆளாக ஒரு வருடம் இருந்துவிட்டு, பழைய வீட்டுக்கே மாற்று ஆளாகத் திரும்பி வந்தவர். அந்த டிசம்பரில் அவர் ஆட்டம் தடுமாறியது. கிறிஸ்துமஸ் இரவில் ரெய்டர்ஸை எப்படியோ 19-10 என்று வென்றார்கள். கடைசி லீக் ஆட்டத்தில் டல்லாஸிடம் 6-0 என்று தோல்வி. அதில் முக்கிய ஆட்டக்காரர்கள் பலருக்கு ஓய்வு. லீக் முடிந்தபோது 13 வெற்றி, 3 தோல்வி.

எல்லோரும் இதை மாற்று ஆள் வந்து நிகழ்த்திய அதிசயம் என்று சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பீடர்சனும் உதவிப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து ஃபோல்ஸின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, அவருக்கு எது கைவரும் என்று தேடி எடுத்து அதைத் திட்டத்தில் சேர்த்தார்கள். சாதாரணமாக மாற்று ஆள் வந்தால் கோச்சுகள் பயந்து திட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள். இவர்கள் சுருக்கவில்லை. நான்காவது முயற்சியில் துணிவது அந்த வருடம் முழுக்க அவர்களுக்குப் பழக்கம். ஃபோல்ஸ் வந்தபோதும் அதை விடவில்லை. பழக்கத்தை விடாததுதான் எனக்கு அதிசயம்.

தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் சுற்றில், ஈகிள்ஸ் முதலிடத்தில் இருந்தும், சொந்த ஊரில் ஆடியும், அட்லாண்டாதான் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்தார்கள். ஈகிள்ஸ் 15-10 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி போட்டுக்கொண்டு மைதானத்தில் நடந்தார்கள். தோற்பார்கள் என்று நினைக்கப்படும் எளியவர்களை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பார்கள், அந்த நாய்தான் இது. எளியவர்கள் என்று நினைத்தீர்களே, பாருங்கள் என்று. அடுத்த வாரம் பார்வையாளர் வரிசை முழுக்க நாய் முகம். மினசோட்டா வைக்கிங்ஸை அன்று 38-7 என்று சிதறடித்தார்கள். ஃபோல்ஸ் 352 கெஜம் வீசினார்.

பிப்ரவரி 4, 2018. மினியாபொலிஸில் சூப்பர் பௌல். எதிரே 2005-ல் தோற்கடித்த அதே பேட்ரியாட்ஸ், அதே டாம் பிரேடி. எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்த அந்த நண்பர் வீட்டு நிலவறையில் பதினைந்து பேரோடு நான் பார்த்தேன்.

முதல் பாதி முடிய 38 விநாடி. ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலை. நான்காவது முயற்சி, கோட்டுக்கு ஒரு கெஜம். உதைத்தால் மூன்று புள்ளி நிச்சயம் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோல்ஸ் ஓரத்துக்கு நடந்து போனார். 'ஃபிலி ஃபிலி வேண்டுமா?' என்று கேட்டார். பிலடெல்பியாவின் செல்லப்பெயரை வைத்து அவர் சொன்னது ஒரு வித்தைத் திட்டத்தை. பீடர்சன் ஒரு கணம் யோசித்து, 'சரி, செய்வோம்' என்றார். அந்த உரையாடல் ஒலிப்பதிவில் இருக்கிறது. நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்பது ஆட்டக்காரர், அதுவும் மாற்று ஆள். சம்மதிப்பது கோச்.

ஃபோல்ஸ் வலது பக்கம் நகர்ந்து, சக ஆட்களிடம் ஏதோ சொல்வது போல நின்றார். பந்து அவரைத் தாண்டி நேரே கோரி கிளெமென்ட் கைக்குப் போனது. அவர் இடது பக்கம் ஓடியபடி டிரே பர்ட்டனிடம் தள்ளிவிட்டார். பர்ட்டன் கல்லூரிக்கு வந்தபோது குவார்ட்டர்பேக். அவர் எறிந்தார். எறிபவர் என்று எல்லோரும் நினைத்த ஃபோல்ஸ் எல்லைக்கோட்டுக்குள் தனியாக நின்று பிடித்தார். சுற்றி ஒருவர் இல்லை. அதே ஆட்டத்தில் சற்று முன்புதான் பிரேடிக்கும் இப்படி ஒரு பந்து வந்து கை நழுவியிருந்தது.

இதை எல்லோரும் பேசுவார்கள். நான் அதைவிட உயர்வாக வைப்பது இன்னொன்றை. நான்காவது கால் பகுதியில் பேட்ரியாட்ஸ் 33-32 என்று முந்திவிட்டார்கள். ஐந்தரை நிமிடம்தான் இருக்கிறது. ஈகிள்ஸ் தங்கள் பக்கத்து 45 கெஜக் கோட்டில், நான்காவது முயற்சி, ஒரு கெஜம் தேவை. தவறினால் பிரேடி கையில் பந்து, ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. வேடிக்கை வித்தை எதுவும் இல்லை. ஃபோல்ஸ் நெருக்கத்தில் ஸாக் எர்ட்ஸுக்கு எறிந்தார், இரண்டு கெஜம் கிடைத்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு கெஜம் இல்லாமல் கோப்பை இல்லை. 2 நிமிடம் 21 விநாடி இருக்கையில் அதே எர்ட்ஸ் டச் டவுன் அடித்தார். அடுத்து பிரேடி எறியக் கை ஓங்கியபோது பிராண்டன் கிரஹாம் பந்தைத் தட்டிவிட்டார். டெரிக் பார்னெட் எடுத்தார். எலியட் மூன்று புள்ளி சேர்த்தான். கடைசியாகப் பிரேடி வானத்தில் வீசிய பந்து கூட்டத்தின் நடுவே கைகளில் பட்டுப் பட்டுத் தரையில் விழுந்தது. 41-33.

பிரேடி அன்று 505 கெஜம் எறிந்தும் தோற்றார். ஃபோல்ஸ் ஆட்ட நாயகன்.

நண்பர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து மாடிக்குப் போய் அவர் அம்மாவுக்குப் போன் செய்தார். 'அப்பா பார்த்திருந்தா' என்ற ஒரு வாக்கியம் மட்டும் படிக்கட்டு வழியாக எங்களுக்குக் கேட்டது.

பிப்ரவரி 8 அன்று ஊர்வலம். நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை. எலும்பு வரை குத்தும் குளிரில் பிராட் தெருவில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள் கோட்டின் பொத்தானைத் திறந்து, உள்ளே வைத்திருந்த சட்டமிட்ட புகைப்படத்தை எடுத்து, ஆட்டக்காரர்களின் பேருந்து வரும் திசையை நோக்கித் திருப்பிப் பிடித்தார். படத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பேருந்துகள் கடந்து போகும்வரை அவர் கை இறங்கவில்லை.

ஈகிள்ஸ் 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்று மறுபடி கோப்பை எடுத்தார்கள். ஆள் பலத்தில் அது இன்னும் சிறந்த அணி என்றுகூடச் சொல்வேன். மகிழ்ச்சிதான். ஆனால் கேள்வி மனதை விட்டு நீங்காததைப் பற்றி.

ஈகிள்ஸ் மைதானத்துக்கு வெளியே அந்த 'ஃபிலி ஃபிலி' முயற்சிக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஃபோல்ஸ் பந்தைப் பிடிக்கும் சிலை இல்லை. கோப்பையும் இல்லை. ஃபோல்ஸும் பீடர்சனும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.