மழையில் வந்தது 65-ஆ, 66-ஆ?

கண்ணுக்குச் சரியாகத் தெரியாதபோதும் மூளை எப்படி ‘இதுதான்’ என்று முடிவு கட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் அனுபவம் அதிகம். மழை நாளில் தேக்கா பஸ் நிறுத்தத்தில் நிற்பவன் நான்.

சிங்கப்பூரில் கை காட்டாவிட்டால் பஸ் பாட்டுக்குப் போய்விடும். என் கண்ணாடி முழுக்க மழைத்துளி. தூரத்தில் ஆரஞ்சு வெளிச்சத்தில் இரண்டு எண். முதலாவது 6, சந்தேகமில்லை. அடுத்தது? வெளிச்சப் பலகையில் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம், இடப்பக்கம் கீழே ஒரு சின்னக் கோடு. எனக்கு வேண்டியது 65.

ஒரே பார்வையில் மூளை தீர்ப்பு சொல்வதில்லை. ஒவ்வொரு கணமும் கிடைக்கிற அரைகுறைத் தடயத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டல் ஓர் எல்லையைத் தொட்டதும் கை உயர்கிறது. உளவியலாளர் ராஜர் ராட்கிளிஃப் 1978-இல் முன்வைத்த விளக்க மாதிரியின் சாரம் இதுதான். இதைச் சோதிக்கத் திரையில் புள்ளிகளை ஓடவிடுவார்கள். சில புள்ளிகள் மட்டும் ஒரே பக்கம் நகரும், மற்றவை கண்டபடி அலையும். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரே பக்கம் போகிற புள்ளிகள் குறையக் குறைய நேரமும் கூடும், தப்பும் கூடும். குரங்குகளை வைத்து மூளை ஆய்வாளர் மைக்கேல் ஷாட்லன் குழுவினர் செய்த சோதனைகளில், மூளையின் ஒரு பகுதியிலுள்ள நியூரான்களின், அதாவது நரம்பு செல்களின், துடிப்பு படிப்படியாக ஏறி, ஏறத்தாழ ஒரே அளவை எட்டும்போது முடிவு வெளிப்பட்டது.

அந்த எல்லை நிலையானதும் இல்லை. தப்பாகக் கை காட்டினால் டிரைவரிடம் ஒரு ‘சாரி’யோடு போய்விடும், 65-ஐ விட்டால் அடுத்தது வரும்வரை நிற்க வேண்டும். வேலைக்குப் போகும் அவசரத்தில் என் எல்லை தானாகவே கீழே இறங்கிவிடும்.

அம்மா கதை வேறு. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வேலையே கிடையாது. “இப்பதானே 66 போச்சு, இது 65-தான்” என்பார். கூட்டலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் பாதி வழியிலிருந்தே தொடங்குகிறார். ராட்கிளிஃபின் மாதிரியில் இதற்கும் இடம் உண்டு. பெரும்பாலும் அவர் சொல்வதே பலிக்கும் என்பதுதான் எரிச்சல்.

போன வாரம் நான் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டார். பஸ் நின்றது, கதவு திறந்தது. வந்து நின்றது இன்னொரு 66.

“சாரி அங்கிள்” என்றேன் டிரைவரிடம். அம்மா என்னைத்தான் முறைத்தார். “கண்ணாடி போட்டிருக்கிறது நீதானே, பாத்துச் சொல்லக்கூடாதா?”