நடராஜர் தெளிவாக இருக்கிறார், பேத்தி மட்டும் கலங்கியிருக்கிறாள்

கேள்வி: எனக்கு 62 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நங்கநல்லூரில் இருக்கிறேன். போன வருடம் ஊருக்கு வந்த மகன் ஒரு மிரர்லெஸ் கேமரா கொடுத்துவிட்டுப் போனான். அதோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பேத்தி பரதநாட்டியம் ஆடுகிறாள். மயிலாப்பூர் சபா ஒன்றில் அவள் ஆடியபோது ஆட்டோவில் வைத்து முந்நூறு படம் எடுத்தேன்; பத்துகூடத் தேறவில்லை. கையெல்லாம் கலங்கியிருக்கிறது, முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. இரண்டு படம் இணைத்திருக்கிறேன். மார்கழியில் மறுபடி நிகழ்ச்சி இருக்கிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா, நான்தான் பழகவில்லையா? வ்யூஃபைண்டரில் பார்த்தாலும் எனக்கு எல்லாமே மங்கல்தான்.

பதில்: அம்மா, கடைசியாகச் சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சக்கரம் இருக்கும். உங்கள் கண்ணின் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கேமராவை ஆன் செய்து, உள்ளே தெரியும் எண்களைப் பார்த்தபடியே மெல்லத் திருப்புங்கள். எண்கள் பளிச்சென்று ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். பவர் அதிகமாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இதைச் செய்யலாம். படத்தை அது ஒன்றும் செய்யாது, நீங்கள் பார்ப்பதை மட்டும்தான் மாற்றும். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப் பேர் இந்தச் சக்கரம் இருப்பதே தெரியாமல் கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்.

இனி அந்தப் படங்கள். முதல் படத்தில் மேடை ஓரத்து நடராஜர் மாலையோடு தெளிவாக இருக்கிறார். பேத்தியின் காலும் தெளிவு, கைகள் மட்டும் கலங்கல். உங்கள் கை ஆடியிருந்தால் நடராஜரும் சேர்ந்து ஆடியிருப்பார். ஃபோகஸ் தவறியிருந்தால் அவள் முழுவதும் மங்கி, பின்னால் இருக்கும் திரைச்சீலை மடிப்பு தெளிவாக விழுந்திருக்கும். இரண்டுமே இல்லை. ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் அவள் கை நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் படத்தின் விவரத்தில் ஷட்டர் 1/40 என்று இருக்கிறது. ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு என்பது நமக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஜதிக்கு ஆடும் கை நகர்ந்துவிட அது தாராளம். லென்ஸிலோ கேமராவிலோ சில இடங்களில் இருக்கும் ‘ஸ்டெபிலைசர்’ வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுகிறவரின் கையை அது நிறுத்தாது. கடையில் அதைச் சொல்லிச் சொல்லி விற்பார்கள்.

1858-ல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் ஒளி பதிய நிமிடக் கணக்கிலும் ஆகும். அவ்வளவு நேரத்தில் பிராகாரத்தில் நடந்துபோகிற ஆள் படத்தில் பதியவே மாட்டார், தூண் மட்டும் பதியும். உங்கள் படத்தில் நடந்ததும் அதேதான், கொஞ்சம் சின்ன அளவில்.

ஆட்டோ மோடுக்கு எதிரில் நடப்பது நாட்டியமா, கூட்ட மேடைப் பேச்சா என்பது நிச்சயமாகத் தெரியாது. வெளிச்சம் குறைவு என்று கண்டால் ஷட்டரைக் கொஞ்சம் நேரம் திறந்து வைத்துவிடுகிறது. ஆகவே அந்த ஒரு முடிவை மட்டும் அதன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் டயலை எஸ் எழுத்துக்குத் திருப்புங்கள். நிக்கான், சோனியில் அப்படித்தான் இருக்கும். கேனனாக இருந்தால் டிவி என்று போட்டிருக்கும். தொலைக்காட்சி இல்லை, ‘டைம் வேல்யூ’ என்பதன் சுருக்கம். இந்த மோடில் ஷட்டரை நீங்கள் சொல்வீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். திரையில் 250 என்று இருந்தால் 1/250 விநாடி என்று அர்த்தம். எண்ணுக்குப் பக்கத்தில் மேற்கோள்குறி மாதிரி இரண்டு கோடு இருந்தால் அது முழு விநாடிகள். அங்கே போய்விடாதீர்கள்.

எல்லா எண்ணையும் நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடில் எடுத்தால்தான் உண்மையான புகைப்படக்காரர் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விளக்கு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற மேடையில், பழகுகிறவர் எம்-ல் வைத்தால் எண்ணைத் திருப்புவதிலேயே தில்லானா முடிந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. சீலிங் ஃபேன் போதும். ரெகுலேட்டரை ஐந்தில் வையுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக்கொள்கிறது என்ற எண்ணை, ஆட்டோவில் விடுங்கள். எஸ் மோடில் முதலில் 30 வைத்து ஃபேனை எடுங்கள், பிறகு 125, 500, 1000. முதல் படத்தில் இறக்கைகளுக்கு வடிவமே இருக்காது, புகையை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆயிரத்தில் மூன்றும் தனித்தனியாக நிற்கும். நுனியில் மட்டும் லேசாக இழுபட்டிருக்கும். இப்போது நான்கு படங்களையும் திரையில் பெரிதாக்கி, ஃபேனை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். முதல் படத்தில் வழுவழுப்பாக இருக்கிற சுவர் கடைசிப் படத்தில் ரவை தூவிய மாதிரி இருக்கும். ஷட்டரை வேகமாக்கினால் உள்ளே வரும் வெளிச்சம் குறைகிறது. அதை ஈடுகட்ட கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றுகிறது. ஏற்ற ஏற்ற அந்த ரவை தூக்கலாகிறது. புத்தகங்களில் முக்கோணம் போட்டு மூன்று பக்கத்துக்கு விளக்குவார்கள். ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் போதும்.

ரவைக்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைக்கிறவர்கள்தான் கலங்கிய படத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். புள்ளியைப் பிறகு கணினியில் ஓரளவு குறைத்துவிடலாம், கலங்கிய கையை ஒன்றும் செய்ய முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்திலும், ஆல்பத்தில் ஒட்டுகிற பிரிண்டிலும் அந்தப் புள்ளி பெரும்பாலும் கண்ணில் படாது. மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மேல் வரம்பு கேட்கும் இடத்தில் 12800 வரை தைரியமாகப் போங்கள்.

சரி, மேடையில் எந்த எண்? பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது 125 போதும். பொதுவாக 250. தில்லானாவுக்கு 500 கேட்கும், அவ்வளவு வெளிச்சம் இருந்தால். ஆனால் பாட்டியாக உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வாடகைக்கு வரும் புகைப்படக்காரருக்கு அது கிடையாது. அவள் வீட்டில் சாதகம் செய்வதை நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்கள். நட்டுவாங்கம் உங்கள் காதில் ஏறியிருக்கும். ஜதி முடிகிற இடத்தில் ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை வருகிறதல்லவா? மூன்றாவது ‘தொம்’மில் அவள் நிலையில் வந்து நிற்பாள். கை நீண்டு, பார்வை பதிந்து, அரை விநாடியாவது அசைவே இருக்காது. அந்த அரை விநாடிக்கு 1/125-ஏ போதும். முதல் ‘ததிங்கிணதொம்’ காதில் விழும்போதே தயாராகுங்கள், மூன்றாவதின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். ‘தொம்’ கேட்ட பிறகு அழுத்தினால் அவள் நிலை கலைந்து நடந்து போவதுதான் கிடைக்கும். வர்ணத்தின் ஆரம்பத்தில் திரிகால ஜதி, அதாவது மூன்று வேகத்தில் வரும் ஜதி, வந்தால் இன்னும் வசதி: முதல் காலத்தில் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்த காலத்தில் எடுக்கலாம். குதித்துத் தாவும் அடவிலும் உச்சிக்குப் போன அந்தக் கணம் உடம்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வேகம் குறைவு. இருபது வருடமாக சபாக்களில் எடுக்கிறேன், தாளம் தெரியாத புகைப்படக்காரர்கள் விநாடிக்குப் பத்துப் படம் சுட்டுத் தள்ளியும் நிலை ஒன்றைக்கூடப் பிடிக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

தயாராவது என்றால் பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருப்பது. ஷட்டர் பொத்தானுக்கு இரண்டு படி உண்டு. முதல் படியில் ஃபோகஸ் பிடிக்கும், இரண்டாவதில் படம் விழும். காலிங்பெல் அமுக்குவது போல ஒரே அமுக்காக அமுக்கினால் ஃபோகஸ் செய்ய அதற்கு நேரமே இல்லை. ஆடுகிறவர் முன்னும் பின்னும் வருவதால் ஃபோகஸ் மோடை ஏஎஃப்-சி என்று வையுங்கள், கேனனில் அதற்கு செர்வோ என்று பெயர். முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு முகம். கேமராவின் வெளிச்சக் கணக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு வெள்ளைத் தட்டு நிறைய இட்லி வைத்து நெருங்கிப் படமெடுங்கள், அழுக்கு இட்லியாக வரும். கறுப்புக் குடையை விரித்து எடுங்கள், வெளுத்த குடையாக வரும். மேடையில் பின்னால் கறுப்புத் திரை. ‘அடடா, இருட்டு’ என்று அது படம் முழுவதையும் ஏற்றுகிறது, நடுவில் விளக்கடியில் நிற்கும் முகம் வெந்துபோகிறது. இதற்குக் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. திரை கறுப்பாக இருந்தால் அதை -1 க்குக் கொண்டுபோங்கள். சிவப்பு, நீல எல்இடி விளக்கு போடும் சபாவில் இன்னும் கொஞ்சம்கூடக் குறைக்கலாம். இட்லிக்கு +1. மெனுவில் வெந்த இடத்தை மின்னிக் காட்டும் எச்சரிக்கை இருந்தால் போட்டுவையுங்கள். முகம் மின்னினால் இன்னும் குறைக்க வேண்டும், ஜிமிக்கி மட்டும் மின்னினால் விட்டுவிடலாம். ஒரு லாபமும் உண்டு: குறைத்தால் ஐஎஸ்ஓவும் பாதியாகும்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கேமராவோடு வரும் சின்ன ஃப்ளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. பத்தாவது வரிசையிலிருந்து போட்டால் முன்வரிசை மாமாவின் வழுக்கைதான் ஜொலிக்கும். ஆடுகிற குழந்தைக்கும் கண் கூசும். ஃபோகஸ் பிடிக்கக் கேமரா முன்னால் எரியும் ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். சத்தம் வராத ஷட்டர் என்று ஒன்று இருக்கும். கச்சேரிக்கு ஏற்றதுதான், ஆனால் எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வரலாம். இரண்டு படம் எடுத்துப் பார்த்து, பட்டை விழுந்தால் சாதாரண ஷட்டருக்கே திரும்புங்கள். சபாவில் படமெடுக்க அனுமதி உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வதும் நல்லது, இடத்துக்கு இடம் மாறுகிறது.

இப்போது லென்ஸ். உங்கள் 18-55 லென்ஸில் ஜூம் செய்யாதபோது வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 3.5 வரை திறக்கும்; முழு ஜூமில் 5.6 தான். எண் கூடினால் துவாரம் சின்னது. அதாவது ஜூம் செய்தவுடனேயே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே முதல் வைத்தியம் இலவசம்: சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்காருங்கள், ஜூமைத் தொடாதீர்கள்.

அதற்கு மேலும் வேண்டுமானால் 50 மிமீ, எஃப் 1.8 லென்ஸ். எல்லாக் கம்பெனியிலும் விலை குறைந்த லென்ஸ் வரிசையில் இருப்பது. உங்கள் லென்ஸின் முழு ஜூமோடு ஒப்பிட்டால் ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 12800 கேட்ட இடத்தில் 1600 போதும். ஜூம் கிடையாது என்பதுதான் குறை. உங்கள் மாதிரிக் கேமராக்களில் படம் பதியும் சென்சார் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவுதான். அதில் இந்த லென்ஸைப் போட்டு 25 அடி தள்ளி உட்கார்ந்தால் சுமார் எட்டடி உயரம் படத்தில் அடங்கும். தலை அலங்காரம் முதல் சலங்கை வரை முழு உருவத்துக்குக் கச்சிதம். பின்வரிசைக்குப் போனால் அவள் சின்னதாகத்தான் விழுவாள். உடனே வாங்க வேண்டாம். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் கேமரா சாமான் வாடகைக்கு விடுவது பழைய தொழில். ஒருநாள் எடுத்துப் பாருங்கள், ஒத்திகையன்றே.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. குளிரூட்டிய அரங்கிலிருந்து வெளியே வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் ஐஸ் மோர் டம்ளர் மாதிரி வேர்த்துவிடும். பை மூடியபடியே அரைமணி இருக்கட்டும். விடியற்காலை மெரினாவில் சூரியோதயம் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதேதான்: முந்தின இரவு கேமராவை ஏசி அறையில் வைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் என் முதல் லென்ஸைத் தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைத்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இருட்டும் ஈரமும் அதற்கு விருந்து. காற்றுப் புகாத சம்படம் ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது உலர்த்துவது என்று தெரியும். தோல் உறையைத் தனியாக மாட்டிவிடுங்கள்.

மார்கழிக்கு முன்னால் ஒருநாள் அவள் சாதகம் செய்யும்போது கூடத்து மூலையில் உட்கார்ந்து, 250 வைத்து, மூன்றாவது ‘தொம்’முக்கு மட்டும் அழுத்திப் பாருங்கள். முப்பது படத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். அதில் எத்தனை நிலை சரியாக விழுந்தது என்று எழுதுங்கள், மிச்சத்தை அப்போது பேசலாம்.