உள்ளான் எங்கே கூடு கட்டுகிறது? எண்ணெய்க் கிணறுகள் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எண்ணெய், எரிவாயு துளையிடலால் பறவைகளின் கூடுகளுக்கு என்ன ஆகிறது என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

தலவாக்கலையிலிருந்து: அண்ணா, நம்ம மலையில எண்ணெயே கிடையாதே. நமக்கு இதில் என்ன கவலை?

மலையில் கிடையாது, உண்மைதான். நம் காலடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. ஆனால் ஐப்பசியில் மரக்கறித் தோட்டத்து ஓரச் சதுப்பில் நடந்து பாருங்கள். கால் வைக்கும்வரை ஒன்றும் தெரியாது. திடீரென்று காலடியிலிருந்து கிரீச்சென்று கத்திக்கொண்டு ஓர் உள்ளான் எழும்பும். முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள், நீண்ட நேரான அலகு. அந்த ஊசிவால் உள்ளான் முட்டையிடுவது நம்மிடம் அல்ல, சைபீரியாவின் ஈரநிலங்களில். ரஷ்யாவின் மிகப் பெரிய எண்ணெய், எரிவாயு வயல்களும் மேற்கு சைபீரியாவில்தான் இருக்கின்றன. அங்கே கூடு அழிந்தால் இங்கே சதுப்பு வெறுமையாகும். அதனால்தான் கவலை.

ஹட்டனிலிருந்து: கிணறு சின்ன இடம்தானே? பறவை இல்லாத காலத்தில் தோண்டினால் போதாதா சேர்?

நல்ல கேள்வி, கம்பனிகளும் இதைத்தான் சொல்கின்றன. உலகின் வட கோடியான ஆர்க்டிக்கில் நிலம் உறைந்திருக்கும் குளிர்காலத்தில் துளையிடுகிறார்கள். அப்போது பெரும்பாலான பறவைகள் அங்கே இருப்பதில்லை. சரி, கோடையில் அவை திரும்பி வரும்போது? சரளை கொட்டிய மேடையும் பாதையும் குழாயும் அப்படியே நிற்கும். பனிப்பாதை போட ஏரிகளிலிருந்து தண்ணீரை உறிஞ்சியிருப்பார்கள். எனக்குப் பெரிய பயம் வேறு. மரமே இல்லாத அந்த வெளியில் அண்டங்காக்கை கூடு வைக்கக் கட்டடம் கிடைத்துவிடுகிறது, நரிக்குக் குப்பை கிடைத்துவிடுகிறது. இரண்டும் முட்டை தின்பவை. கிணறு சின்னதுதான், ஆனால் இவை சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடித் தின்னும். அதனால் காலத்தை மட்டும் பார்த்தால் போதாது, பறவைகள் கூடு கட்டும் முக்கியமான நிலத்தைத் தொடாமலே விட வேண்டும் என்பது என் கருத்து.

அப்படிப்பட்ட நிலத்துக்கு ஓர் உதாரணம், அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள ஆர்க்டிக் சரணாலயக் கரையோரச் சமவெளி. சுமார் 15 லட்சம் ஏக்கர். 2025 ஜனவரியில் அங்கே எண்ணெய் எடுக்கக் குத்தகை ஏலம் விட்டபோது ஒருவரும் விலை கேட்கவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வந்த அமெரிக்கச் சட்டம், பத்து ஆண்டுகளில் இன்னும் நான்கு ஏலமாவது நடத்தச் சொல்கிறது.

பண்டாரவளையிலிருந்து: எண்ணெய் கொஞ்சம் சிந்தினாலுமா ஆபத்து?

ஆமாம் தங்கச்சி. முட்டை ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு, குஞ்சு அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தாயின் வயிற்று இறகில் ஒட்டிவந்த சில துளி மசகெண்ணெய் போதும், கரு செத்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து: மன்னாரில் எரிவாயு எடுக்கப் போகிறார்களாமே?

2011இல் மன்னார்க் கடலில் துளையிட்டபோது எரிவாயு இருப்பது தெரியவந்தது. அதை வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தள்ள நான் சொல்லமாட்டேன், நாம் சிலிண்டருக்கு நின்ற வரிசை எனக்கும் மறக்கவில்லை. ஆனால் தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலில் சேர்த்த ஈரநிலம். குழாயும் கரைத்தளமும் இவற்றைத் தொடாமல் போக வேண்டும். பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பத்திரிகையில் தமிழிலும் அறிவித்தல் போட வேண்டும், முப்பது நாளுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். மலையில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அறிவித்தல் வந்தால் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடிக்குள் கூடு கண்டால் என்ன செய்வது அண்ணா?

பெரும்பாலும் கொண்டைக்குருவிக் கூடாக இருக்கும்: கிண்ணம் மாதிரி, உள்ளே சிவப்புப் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. தொடாதீர்கள், எடுத்து வேறு செடியில் வைக்கவும் வேண்டாம். கங்காணியிடம் சொல்லி அந்தச் செடியையும் பக்கத்துச் செடிகளையும் விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போங்கள். முட்டையிட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குஞ்சு பறந்துவிடும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.