கழுவிய செப்புக் காசைக் 'கழுவாதது' என்று விற்றால்?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடமாகக் காசு சேர்க்கிறேன். மூன்று வாரம் முன்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில், பழைய நாணய வியாபாரி ஒருவரிடம், கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக 1808-ல் அடித்த 20 காசு செப்பு நாணயத்தை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். 'ஏ.யூ. கிரேடு (கிட்டத்தட்டப் புழங்காத நிலை), ஒரிஜினல் டோன் (காலப்போக்கில் தானே ஏறிய நிறம்), கழுவாதது' என்று எழுதியிருந்தார். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால், தேய்த்துக் கழுவி மேலே நிறம் ஏற்றியது தெரிகிறது. நான்கு மாதத்துக்கு முன் இதே காசு வேறொரு குழுவில் 'கடல் காசு, கிளீன் செய்தது' என்ற குறிப்போடு 2,200 ரூபாய்க்குப் போனதாக நண்பர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். விற்றவரோ, "கிரேடு அவரவர் அபிப்பிராயம், நாணயத்துக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். பில்லும் தரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகன் மூலம் அங்குள்ள கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தக் காசை அமெரிக்காவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். மகன் ஊருக்கு வந்துபோகும்போது பையில் கொடுத்தும் விடாதீர்கள்.

தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972-ன்படி நூறு ஆண்டு தாண்டிய எந்த நாணயமும் தொல்பொருள்தான். உங்கள் காசு இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டது என்பதால் விலக்கு எதுவும் கிடையாது. தனி நபர் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு தடை போடுகிறது. "சான்று வாங்கத்தானே, திரும்பி வந்துவிடுமே" என்ற சமாதானமும் எடுபடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும். 6,800 ரூபாயை மீட்கப் போய், வாதியாக நிற்க வேண்டிய நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தால் எனக்கு மனசு ஆறாது. வீட்டில் வைத்திருப்பது பற்றிப் பயப்பட வேண்டாம். கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்த வகைகளில் சிலைகள், ஓவியங்கள் போன்றவைதான் உண்டு, நாணயம் இல்லை.

இனி வழக்குக்கு வருவோம். விற்றவர் சொல்வதில் பாதி உண்மை. கிரேடு, அதாவது காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்ற தர மதிப்பீடு, ஓரளவுக்கு அபிப்பிராயம்தான். இன்று எல்லோரும் சொல்லும் 1 முதல் 70 வரையிலான அளவுகோல், வில்லியம் ஷெல்டன் 1949-ல் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்தது. அதில் ஏ.யூ.வுக்கு ஒரு படி கீழே இருக்கும் இ.எஃப். 45 என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏ.யூ. 50 என்பார். இந்த ஒரு படி வித்தியாசத்தை வைத்து வழக்குப் போட்டால் நானே வேண்டாம் என்பேன்.

ஆனால் 'கழுவாதது' என்ற சொல் அப்படிப்பட்டதில்லை. ஒரு காசைக் கழுவியிருக்கிறார்கள் அல்லது கழுவவில்லை, இரண்டில் ஒன்றுதான் உண்மை. அது நடந்த ஒரு சங்கதி, அதைச் சோதித்துச் சொல்ல முடியும். உங்கள் புகாரின் முதுகெலும்பாக அந்த ஒரு சொல்லையே வையுங்கள். மனுவில் கிரேடு இரண்டாவதாக வரட்டும்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பெனியின் சின்னத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு சிங்கங்களின் உடல், மேலே கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிறிய சிங்கம், இவைதான் மேடான இடங்கள். தேய்மானம் முதலில் இங்கேதான் விழும். அங்கே பிடரி மயிர் வழவழவென்று மழுங்கியிருக்கிறது. ஏ.யூ. என்றால் கைமாறிய சுவடு மேட்டில் லேசாக மட்டும் தெரிய வேண்டும், இங்கே அது லேசாக இல்லை. அதைவிட முக்கியம், எழுத்துகளுக்கு இடையே உள்ள சமதளத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள். அவை எழுத்தின் அருகே வந்ததும் நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகின்றன. பையில் கிடந்து உரசிய காசில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். ஒரே திசையில் ஓடினால் யாரோ துணியோ பிரஷ்ஷோ வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்து மூலைகளில் பழைய கருப்பும், வெளியே திட்டு இல்லாத ஒரே சீரான பழுப்பும் இருப்பது மேலே நிறம் ஏற்றியதைக் காட்டுகிறது.

நம் வீடுகளில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால்தான் சுத்தம். அதே பழக்கத்தில் காசையும் துலக்குகிறவர்கள் இன்றும் உண்டு. 'செம்பிற் களிம்பு' என்று சைவ சித்தாந்தம் உயிரோடு ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். உவமையில் களிம்பு போக வேண்டும், சேகரிப்பவருக்கோ காலம் ஏற்றிய அந்த மேல்தோல் இருக்க வேண்டும். செம்பில் அதை ஒருமுறை உரித்துவிட்டால் திரும்ப வராது. பெரிய கிரேடிங் நிறுவனங்கள் கண்டபடி கழுவிய காசுக்கு வழக்கமாக எண் கிரேடே கொடுப்பதில்லை, 'டீடெயில்ஸ்' என்று எழுதி, கழுவியதைக் குறித்துவிடுவார்கள். விலை பாதிக்கும் கீழே இறங்குவது அதனால்தான். 'இது சின்ன விஷயம்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

'கடல் காசு' என்ற குறிப்பையும் விடக்கூடாது. 1808-ம் வருடக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம் ஊருக்கு வர வேண்டிய செப்பு, 1980-களில் லட்சக்கணக்கில் அங்கிருந்து மேலே வந்தது. பீப்பாய்க்குள் பத்திரமாக இருந்தவை புதுசு போலவே கிடைத்தன, உப்புநீர் பட்டவை பொரிப்பொரியாக அரித்திருந்தன. கடலில் கிடந்து சுத்தம் செய்யப்பட்ட காசு என்றால், அதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை மறைத்து 'ஒரிஜினல் டோன்' என்பது பொய்.

சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 2(47) பிரிவு, ஒரு பொருள் குறிப்பிட்ட தரம், கிரேடு உடையது என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கிரேடு என்ற சொல் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. 'ரிட்டர்ன் கிடையாது' என்ற பேச்சுக்கும் அங்கே பதில் உண்டு: பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை முப்பது நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் முறையற்ற நடைமுறைதான். உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. இந்த வாரமே 'இந்தக் காசை நான் ஏற்கவில்லை, திருப்பித் தரத் தயார்' என்று ஸ்பீட் போஸ்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிவிடுங்கள். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ம் வர்ணனைக்கு ஒத்த பொருளையே தர வேண்டும் என்கிறது. ஆனால் எதுவும் சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாக அதே சட்டம் கருதிவிடும்.

'முப்பது வருட அனுபவம் இருந்தும் பார்க்கவில்லையா' என்று கேட்பார்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு அந்தக் கோடுகள் தெரிய வழியில்லை. ஆனால் ஒன்று, மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். உங்கள் சேகரிப்புக்காகவே வாங்கியிருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். வாங்கி விற்பதும் உங்களுக்கு வழக்கம் என்றால் அதை மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். அந்தப் படத்தில் விளிம்பில், கொடிக்கு நேர் கீழே ஒரு சிறிய வெட்டு தெரிகிறது. உங்கள் காசிலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவில் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். நண்பரிடம் பிரமாண வாக்குமூலமும், பாரதிய சாட்சிய சட்டம், 2023-ன் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணச் சான்றும் வாங்குங்கள். அவரும் நீங்களும் அந்த போன்களை மாற்றிவிடாதீர்கள்.

போலீஸுக்குப் போகலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 318-வது பிரிவில் ஏமாற்றுக் குற்றம் இருக்கிறது. ஆனால் கழுவியது தெரிந்தேதான் விற்றார் என்று காட்ட வேண்டும். நான்கு மாதத்துக்கு முன் அந்தக் காசை வாங்கியவர் இவரேதான் என்று அந்தக் குழுவில் யாராவது எழுதிக் கொடுத்தால் பேச்சே வேறு. அதை விசாரியுங்கள்.

அடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்ய 1972 சட்டத்தின் 5-வது பிரிவுப்படி உரிமம் வேண்டும், உங்கள் உரிம எண் என்ன என்றும் ஒரு வரி கேளுங்கள். பணம் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம், நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. காசை ஆய்வுக்கு அனுப்பும்படி நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவின் கீழ் ஆணையத்தையே கேளுங்கள், அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதோடு விற்றவரோடு தொடர்பில்லாத இரண்டு நாணய வல்லுநர்களின் எழுத்துமூலக் கருத்தும் வேண்டும், ஒருவரே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அதுவரை காசைத் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், விளிம்பைப் பிடித்து மட்டும் எடுங்கள். பி.வி.சி. கவரில் வைத்தால் செம்பில் பச்சைப் பிசின் படியும், பிறகு 'கெடுத்தது நீங்கள்தான்' என்று திருப்பிவிடுவார்கள். நல்ல காகித உறையில் போட்டு, தேதி எழுதி, கூரியர் வந்த பெட்டியோடு சேர்த்து வையுங்கள். பணம் கணக்கில் ஏறும் முன் காசைக் கையைவிட்டு விடாதீர்கள்.