கல் பொறுக்கும் கைகளுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: யாங்கூனில், பயின்னவுங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், பயறு சுத்தம் செய்யும் கிட்டங்கி ஒன்றை அப்பாவுக்குப் பிறகு நடத்திவருகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் கல் பொறுக்கும் பெண்கள். மூன்று பேர் தமிழர்கள், மற்றவர்கள் பர்மியர்களும் கரேன்களும். விலைவாசி ஏறிக்கிடக்கும் இந்த நேரத்தில் சம்பளத்தைப் பெரிதாக ஏற்ற எனக்கு வழியில்லை. நல்ல கை உள்ளவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று படம் எடுத்துச் சுவரில் மாட்டினேன். இரண்டே மாதத்தில் மனத்தாங்கல்தான் மிச்சம். முழு வருகைக்குப் பரிசு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதிகச் செலவில்லாமல், இவர்களை நான் மதிக்கிறேன் என்று எப்படிக் காட்டுவது, ஐயா?

பதில்: மதிப்பு இருப்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் சிலவற்றை முதலில் கேட்டுவிடுகிறேன். சம்பளம் சொன்ன தேதியில் கைக்குப் போய்ச் சேருகிறதா? 2018இல் அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி 8 மணி நேரத்துக்கு 4,800 சாட். பிறகு அதன்மேல் படியும் சேர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே யாராவது இருக்கிறார்களா? ஆண்டுக்கு 6 நாள் தற்செயல் விடுப்பும் 10 நாள் ஈட்டிய விடுப்பும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கின்றன. கேட்கும்போது முகம் சுளிக்காமல் கொடுக்கிறீர்களா? இதில் ஓட்டை இருந்தால், மேற்கொண்டு நான் சொல்வது எதுவும் எடுபடாது. கூலி பாக்கி வைத்திருப்பவர் போடும் மாலை கழுத்தில் உறுத்தும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு உங்களுடையதைப் போன்ற ஒரு கிட்டங்கிக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். மதியம் மின்சாரம் நின்றுவிட்டது. முதலாளி ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார். வெளிச்சத்துக்காகக் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவரின் பக்கத்தில் நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கன்னத்தில் பூசியிருந்த தனகா என்ற மரப்பட்டைச் சாந்து காய்ந்து வெடித்திருந்தது. மடியில் மூங்கில் தட்டு, அதில் இரண்டு கை உளுந்து. தட்டை ஒருமுறை சுழற்றி விளிம்புப் பக்கம் சாய்த்தார். சுண்டுவிரலால் எதையோ தட்டிவிட்டார். கீழே விழுந்தது கல். கறுப்பு உளுந்துக்குள் கறுப்புக் கல். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டை என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். உளுந்து சலசலத்தது, நடுவில் ஒரு சின்ன ‘டிக்’. “கல் இருந்தால் கேட்கும்” என்றார் பர்மியில்.

காதால் கல் பொறுக்கும் அந்த அம்மா அங்கே 17 ஆண்டுகளாக இருந்தார். முதலாளி திரும்பி வந்ததும் கேட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், கணக்குப் பேரேட்டை மூடிவைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கையை மட்டும் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்ததை எழுதுங்கள். ‘நன்றாக வேலை செய்கிறார்’ என்று எழுதக் கூடாது. ‘செவ்வாய்க்கிழமை ஈரப்பதம் கூடின மூட்டையைத் தொட்டுப் பார்த்தே தனியாக வைத்தார்’ என்று எழுத வேண்டும். பிறகு அதையே அவரிடம் சொல்லுங்கள். பொதுப்படையாக ‘ஜேசூ தின் பாதே’ என்று பர்மியில் நன்றி சொன்னால் அது மரியாதை, அவ்வளவுதான். அந்த மூட்டையைச் சொல்லி நன்றி சொன்னால், அவர் வேலையைப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிகிறது. நல்ல கை உள்ளவர்கள் விலகுவதற்குச் சம்பளம் ஒரு காரணம். தன் கை நல்ல கை என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும் இடத்தில் இருக்க மனம் வராது என்பது இன்னொரு காரணம். நான் கண்டவரையில் இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இது வெறும் மனத்தேற்றுச் சொல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைபேசி வழியாக நன்கொடை திரட்டியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. பாதிப் பேரை மேலதிகாரி நேரில் வந்து பார்த்து, உங்கள் உழைப்புக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர்கள் பேசிய அழைப்புகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின. நன்றி சொல்லப்படாத மற்றப் பாதிப் பேரிடம் மாற்றமில்லை. இத்தனைக்கும் அந்த மேலதிகாரி சொன்னது பொதுவான நன்றிதான்.

அடுத்து, கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் எப்படிக் கொடுப்பது? ஜெர்மனியில், நூலகப் புத்தகங்களைக் கணினியில் பதியும் மூன்று மணி நேர வேலைக்கு மாணவர்களை அமர்த்தினார்கள். ஒரு குழுவுக்கு 7 யூரோ கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். வேலை அசையவில்லை என்றே சொல்லலாம். இன்னொரு குழுவுக்கு அதே விலையுள்ள வெந்நீர்க் குடுவையைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். வேலை 25 சதவீதம் கூடியது. பொருளுக்குத்தான் மவுசு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாவது குழுவுக்கு அதே 7 யூரோவையே, தாளைச் சட்டை போல மடித்து அழகாக்கிக் கொடுத்தபோதும் பலன் குடுவைக்குக் குறையவில்லை. கொடுத்தவர் நேரம் செலவழித்திருக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இதைக் கற்க நாம் ஜெர்மனி வரை போக வேண்டியதே இல்லை. தடிஞ்சுட் பௌர்ணமிக்கு இளையவர்கள் பெரியவர்களின் முன் மண்டியிட்டு வணங்குவதும், பெரியவர்கள் வாழ்த்தி ‘மோன்போ’ என்று பலகாரக் காசு கொடுப்பதும் நீங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. அந்தக் காசை எண்ணிப் பார்த்துக் குறை சொன்னவரை நான் கண்டதில்லை. வாழ்த்தோடு வருகிறதல்லவா? ஆகவே தடிஞ்சுட்டுக்கோ, ஏப்ரலில் திஞ்சான் புத்தாண்டுக்கோ நீங்கள் கொடுப்பது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆளுக்கு ஓர் உறை. உறையின் மேல் அவர் பெயர், கோ, மா, ஊ, தோ என்ற மரியாதையோடு, பர்மிய எழுத்தில், உங்கள் கையால். உள்ளே உங்கள் நோட்டிலிருந்து ஒரு வரி. 22 உறைக்கு ஒரு மாலை நேரம் போகும். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும், பெயரில் மட்டும் வரக் கூடாது. உங்கள் மூன்று தமிழர்களுக்குத் தீபாவளிக்குத் தனியாகக் கொடுப்பதாக இருந்தால், மற்றவர்களின் பண்டிகையிலும் அதே அளவு கை நீள வேண்டும். அந்த மூவரின் இனத்தாரே முதலாளியாக இருக்கும் இடத்தில் இதை எல்லோரும் உன்னிப்பாகக் கவனிப்பார்கள்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்லும் யோசனை. உங்கள் உளுந்து எங்கே போகிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியுமா? எஸ்.கியூ., எஃப்.ஏ.கியூ. என்று மூட்டையில் தரத்தைக் குறித்து எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். கப்பலேறிச் சென்னைக்குப் போகிறது என்றும் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே அது என்ன ஆகிறது? பர்மா உளுந்து இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் எத்தனை இட்லிக் கடைகளின் மாவு திண்டாடும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கல்லைப் பொறுக்கியவர்களுக்கு யார் சொன்னது?

ஒரு சனிக்கிழமை காலை, அவர்கள் பொறுக்கிய மூட்டையிலிருந்தே இரண்டு படி எடுத்து ஊறவைத்து அரைத்து இட்லி ஊற்றுங்கள். உங்கள் வீட்டில் முடியாவிட்டால் அந்த மூன்று தமிழர்களில் யாருக்காவது கூலி கொடுத்துப் பொறுப்பை ஒப்படையுங்கள். எல்லோரையும் உட்காரவைத்து, நீங்களும் மனைவி மக்களும் பரிமாறுங்கள். “நீங்கள் சுத்தம் செய்த உளுந்து இப்படித்தான் காலையில் ஒரு குழந்தையின் தட்டில் விழுகிறது. அந்தக் குழந்தையின் பல்லில் கல் படாமல் இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்” என்று சொல்லுங்கள். வாங்குபவரிடமிருந்து சரக்கு சுத்தமாக வந்தது என்று எப்போதாவது செய்தி வந்தால், அதைப் பெட்டகத்தில் வைக்காமல், மொழிபெயர்த்து எல்லோர் முன்பும் படித்துக் காட்டுங்கள். 2007இல் வெளியான இன்னொரு ஆய்வு இதே போன்ற நன்கொடை அழைப்பு வேலையைப் பற்றியது. தாங்கள் திரட்டிய பணத்தில் படித்த ஒரு மாணவரை ஊழியர்கள் ஐந்தே நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கும் மேலாகியிருந்தது. உங்கள் பெண்கள் சென்னைக்குப் போய்ப் பார்க்க முடியாது. இட்லியையாவது பார்க்கட்டும்.

படம் மாட்டியது மனத்தாங்கலில் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 22 பேரில் ஒருவருக்குப் படம் என்றால், மற்ற 21 பேருக்கும் சுவர் தினமும் ஒரு பதில் சொல்கிறது. அதைவிட, படத்தில் இருப்பவரின் நிலைமையை யோசியுங்கள். ‘ஆனாடே’ என்று பர்மியர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். பிறரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற கூச்சம் அது. பக்கத்தில் உட்காரும் தோழியைத் தாண்டித் தன் முகம் மேலே தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. தனியாகச் சொல்ல வேண்டிய பாராட்டைத் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் முன்பும் பாராட்டுவதென்றால் குழுவைப் பாராட்டுங்கள்.

முழு வருகைப் பரிசு வேண்டாம். அமெரிக்காவில் துணி வெளுக்கும் ஆலைகள் ஐந்தில், ஒன்றில் மட்டும் இதை வைத்துப் பார்த்தார்கள். மாதம் முழுக்க நேரத்துக்கு வந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு 75 டாலர் பரிசு. தாமதமாக வருபவர்கள் கொஞ்ச நாள் திருந்தினார்கள். ஒருநாள் தவறிப் பரிசுக்குத் தகுதி போனதும் பழையபடி ஆனார்கள். பரிசே இல்லாமல் முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள்தான் மனம் விட்டுப்போனார்கள். ஆலையின் உற்பத்தித்திறன் மொத்தத்தில் 1.4 சதவீதம் குறைந்தது. யாங்கூனில் ஒருவர் தாமதமாக வருவது பெரும்பாலும் பஸ்ஸாலும் மழைத் தண்ணீராலும் காய்ச்சல் கண்ட பிள்ளையாலும். அதற்குப் பரிசைப் பறிப்பது தண்டனையாகத்தான் போய் முடியும். அந்தக் காசைக் கொண்டு, நல்ல வாரம் ஒன்றின் முடிவில் எல்லோரையும் முழுக் கூலியோடு இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கக்கூடிய பரிசுகளில் குழந்தை உள்ள பெண்ணுக்கு அதைவிட இனியது கிடையாது.

நீண்ட நாள் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் செய்யலாம். யாங்கூனின் முகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகலாம், அடுத்தாள் மேலாளாகலாம். அடுத்த படி எது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கண்ணுக்குத் தெரியும். உங்கள் கிட்டங்கியில் 17 ஆண்டு கல் பொறுக்கியவருக்கு அடுத்த படி என்ன? புதிதாக வருபவருக்குத் தட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும், வந்த சரக்கை முதலில் பார்த்துத் தரம் சொல்லும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள். அவர் ‘இந்த மூட்டை வேண்டாம்’ என்றால் நீங்கள் கேட்க வேண்டும். பெயருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அவர் சொல்லைத் தள்ளினால், கொடுக்காமல் இருந்ததைவிட மோசம். வேலை கூடுகிறது என்றால் கூலியும் கொஞ்சமாவது கூட வேண்டும். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

விலகிப் போகிறவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். எத்தனை ஆண்டு இருந்தார், எந்த வேலையில் கை தேர்ந்தவர் என்று பர்மிய மொழியில், கையொப்பமும் முத்திரையும் வைத்து. அடுத்த வேலைக்கு அது உதவும். இருப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

சுவரிலுள்ள படங்களை எடுத்துவிடுங்கள். அறிவிப்பு எதுவும் வேண்டாம். ஒரு மாலை எல்லோரும் போன பிறகு கழற்றி, தூசி துடைத்து, படத்தில் இருக்கும் இருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். “வீட்டில் அம்மாவிடம் காட்டுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். அந்த இருவரும் எதற்காகத் தேர்வானார்கள் என்று உங்களுக்கு நினைவிருந்தால் படத்தின் பின்னால் எழுதிக் கொடுங்கள். நினைவில்லை என்றால், இரண்டு வாரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.