தங்க ரேக்கு டாலர் நோட்டில் தங்கம் எவ்வளவு?

வாசகர் கேள்வி: 1934-ம் ஆண்டின் 1 லட்சம் டாலர் நோட்டை 24 காரட் தங்கத்தில் செய்தது என்று சொல்லி, உத்தரவாத அட்டையோடு ஆன்லைனில் விற்கிறார்கள். பின்னால் நகைக்கடையில் போட்டால் தங்க விலைக்கு எடுப்பார்களா?

எடுக்க மாட்டார்கள். டாலர் நோட்டின் அளவு சுமார் 156க்கு 66 மில்லிமீட்டர். ஒரு பக்கம் முழுக்க அசல் தங்க ரேக்கு, அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள மெல்லிய தங்கத் தாள், ஒட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் சேரும் தங்கம் 20 மில்லிகிராம்தான், ஒரு பவுன் தேற இப்படி 400 நோட்டு வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றில் அதுவும் இருக்காது, பொன்னிறம் ஏற்றிய வெறும் பிளாஸ்டிக் தாள். அட்டையில் 24 காரட் என்று போட்டிருப்பது சுத்தத்தைத்தான் சொல்கிறது, எடையை அல்ல. எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தங்கத்துக்கு என்று ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் உரைகல்லில் உரசினால் ரேக்கு அங்கேயே போய்விடும், உருக்கிப் பிரிக்கும் கூலி கிடைக்கும் தங்கத்தைத் தாண்டிவிடும்.

அசல் நோட்டின் கதை வேறு. முன்னாள் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன் படம் போட்ட அந்த கோல்டு சர்டிபிகேட்டை, அதாவது தங்கத்தை ஈடாக வைத்து அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டை, 1934 டிசம்பர் 18 முதல் 1935 ஜனவரி 9 வரை 42,000 அச்சடித்தார்கள், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான பெடரல் ரிசர்வின் வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்க மட்டும். மக்கள் கைக்கு அது வரவே இல்லை, தனியார் வைத்திருக்கச் சட்டத்தில் இடமும் இல்லை. அதனால் அசல் என்று யார் நீட்டினாலும் நம்பாதீர்கள். நகல் என்றால் அமெரிக்காவின் 1973-ம் ஆண்டுச் சட்டப்படி ‘காப்பி’ என்ற சொல் அதிலேயே பதிந்திருக்க வேண்டும்.

சுவரில் மாட்ட ஆசை என்றால் அழகுப் பொருளின் விலைக்கு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் தங்கத்தோடு தொடர்புள்ள நிஜ நோட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்றால் நான் சொல்வது 1928 வரிசையின் 10 அல்லது 20 டாலர் கோல்டு சர்டிபிகேட். 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் இவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், 1964-லிருந்து தாராளமாக வைத்துக்கொள்ளலாம், தங்கமாக மாற்றித்தான் தர மாட்டார்கள். முத்திரையும் வரிசை எண்ணும் மஞ்சள் பொன்னிறத்தில் இருக்கும், பின்பக்கம் வழக்கமான பச்சை. பி.எம்.ஜி. மாதிரி தரச்சான்று நிறுவனத்தின் உறையில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், உறையின் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.